தள்ளுகிறவர்கள் பேசிக்கொண்டது

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. அவளைவிட வயதில் மூத்த முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். டாக்டர்கள் அனுப்பிவைக்கிற அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக எடுத்து நிறுத்துவது அவள் வேலை. யாரோ ஒருவருடைய சிரிப்பு அவள் மேஜை மேல் நாலைந்து நாள் கிடக்கும். அதனால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். இது சொந்தம், இது வாங்கினது, இதைக் கட்டினவனைப் பிடித்துக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்று மனசுக்குள் தரம் பிரித்துக்கொண்டே இருப்பாள்.

கால் போனது கல்யாணமான மூன்றாம் வருஷம். மாடிப்படி ஈரமாக இருந்தது, வழுக்கி விழுந்தாள், முதுகில் அடி. விசாரிக்க வந்து உச்சுக்கொட்டுகிறவர்களிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். "படி ஈரமா இருந்துச்சு. உங்க வீட்டுப் படியையும் துடைச்சு வைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். சக்கர நாற்காலி வந்தது. முதலாளி மேஜையின் கால்களை அறுத்து உயரத்தைக் குறைத்துக் கொடுத்தார். வேலை தொடர்ந்தது.

புருஷன் பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறவர். நல்ல மனுஷன், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். வீட்டில் அவர் பேசுவதெல்லாம் "ம்", "சரி", "சாப்பிட்டியா", இவ்வளவுதான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொள்வாள். சண்டை வந்தால்கூட அவருடைய பக்கத்தையும் அவளே எடுத்துச் சொல்லி, அதற்கும் அவளே பதில் சொல்லி, கடைசியில் அவளே சமாதானமும் ஆகிவிடுவாள். அவர் "சரி" என்பார்.

வெளியே போகிற சந்தோஷத்தை அவள் என்றைக்கோ தலைமுழுகிவிட்டாள். சினிமாவுக்குப் போனால் முதல் வரிசைக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கதாநாயகனின் மூக்குத் துவாரம்தான் தெரியும். பாட்டு நிகழ்ச்சி என்றால் தூணுக்குப் பின்னால். ஒரு தடவை சர்க்கஸ் வந்தபோது நாலு ஆட்கள் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யானையைப் பார்த்தவர்களைவிட அவளைப் பார்த்தவர்கள்தான் அதிகம். வீட்டுக்கு வந்ததும், "இனிமே எந்தக் கூத்துக்கும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் "சரி" என்றார்.

அப்படி இருந்தவள்தான் ஏரிக்கரைப் பூங்காவில் இருந்த திறந்தவெளி அரங்கத்தை இடித்துக் கட்டியபின் ஆளே மாறிப்போனாள்.

கூடத்தில் யாரோ போய்வந்து சொன்னார்கள். "அக்கா, ஒரு படி கூட இல்லைக்கா. வாசல்லேர்ந்து மேல வரைக்கும் சரிவுதான்." அவள் நம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புருஷனோடு போய்ப் பார்த்தாள். நிஜம்தான். அகலமான சரிவுப்பாதை வளைந்து வளைந்து மெதுவாக ஏறியது. பாதி உயரத்தில், அரைவட்டமாக இருந்த கல்வரிசைகளுக்கு நட்டநடுவில், சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று ஒரு தளம். முன்னால் கம்பி இருந்தது, ஆனால் கண்ணை மறைக்காத உயரத்தில் இருந்தது. இதை யோசித்தவன் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறான்! டீயை வைக்க முழங்கைக்கு எட்டுகிற பலகை. கழிவறைக் கதவை ஒற்றைக் கையால் தள்ளினால் திறந்தது, உள்ளே போய் முழுசாகத் திரும்ப முடிந்தது. அவள் வேண்டுமென்றே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தாள்.

அன்றைக்கு மேஜிக் காட்டுகிற ஒரு ஆள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கைக்குட்டையும் புறாவும்தான். ஆனால் யார் முதுகும் குறுக்கே இல்லாமல், கழுத்து வலிக்காமல், முழு மேடையையும் அதற்குப் பின்னால் இருட்டிக்கொண்டு வந்த ஏரியையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காற்று வந்து முகத்தில் அடித்தது. புறா பறந்தபோது குழந்தை மாதிரி கைதட்டினாள். திரும்பும்போது, "ஏங்க, அடுத்த வாரமும் வரலாமா?" என்று கேட்டாள். அவர் அன்றைக்கே சீசன் டிக்கெட் எடுத்துவிட்டார். சீசன் முழுக்க ஒரே இடம். சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அவர்கள் இரண்டு பேருக்கும் சொந்தம்.

சரிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் டீ வாங்கப் போன ஒரு நாள், சும்மா முயற்சி பண்ணிப் பார்ப்போமே என்று சக்கரத்தை அவளே உருட்டினாள். நாற்காலி சுலபமாக ஏறியது. ஒரு வளைவு வரை போய்விட்டு, யாரும் பார்ப்பதற்குள் பழைய இடத்துக்கே வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டாள். அவர் வந்து பின்னால் பிடித்துத் தள்ளினார். அவள் மூச்சு விடவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் பக்கத்து இடத்துக்கு ஆள் வந்தது.

அந்தத் தளத்தில் இடம் பிரித்திருந்த விதம் அப்படி. முதலில் ஒரு சக்கர நாற்காலிக்கு இடம், அதை ஒட்டிக் கூட வருகிறவருக்கு ஒரு சாதா நாற்காலி. அதை ஒட்டி இன்னொரு சாதா நாற்காலி, அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு சக்கர நாற்காலி. ஆக, உருளுகிறவர்கள் இரண்டு ஓரத்தில், தள்ளுகிறவர்கள் இரண்டு பேரும் நடுவில் தோளோடு தோள்.

வந்தது ஒரு அண்ணனும் தங்கையும். அண்ணன் ரிட்டையர் ஆனவர், பெரிய உடம்பு, சக்கர நாற்காலி நிறைய உட்கார்ந்திருப்பார். விளக்கை அணைத்ததும் தூங்குவார், கைதட்டல் சத்தத்தில் விழித்துக்கொண்டு, "பிரமாதம்" என்பார், மறுபடி தூங்குவார். தங்கைக்கு நாற்பது வயது இருக்கலாம். ஏரிக்காற்றுக்காக ஒரு சால்வை போர்த்தியிருந்தாள். பல்லக்கா வழக்கம்போல் வாயைப் பார்த்தாள். எல்லாம் சொந்தப் பல். வரிசையில் ஒரு கோணல் இல்லை, ஒரு கறை இல்லை. தொழில் தெரிந்த கண்ணுக்கே ஒரு குறை அகப்படவில்லை, அதுதான் முதல் எரிச்சல்.

இரண்டாவது எரிச்சல், புருஷன் பேசினார். ஆமாம், பேசினார்! "ம்", "சரி" எல்லாம் இல்லை. நீள நீளமாக, கையை ஆட்டிக்கொண்டு. சால்வைக்காரி ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். அவர் சொன்னார், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேடையில் ஒருத்தி உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். பல்லக்காவின் காதில் ஒரு வரி ஏறவில்லை. இடது காது முழுக்கப் பக்கத்து நாற்காலியில் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், "என்னங்க அப்படிப் பேசிட்டிருந்தீங்க?" என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"சும்மாதான். டயர் பத்தி."

"ரெண்டு மணி நேரம் டயரா?"

"ம்."

கொஞ்ச தூரம் போனபின் அவராகவே ஒன்று சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம், விதி யாரை விட்டது. "அந்தம்மா போட்டிருந்த சால்வை நல்ல கலரு. நம்ம கடையில அந்தக் கலர் வர்றதுக்கு மூணு பச்சை கலக்கணும்."

பல்லக்காவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கட்டின துணியைப் பார்த்து அந்த மனுஷன் பச்சை என்று சொன்னதில்லை, சிவப்பு என்று சொன்னதில்லை. கடையில் நாள் முழுக்க நிறம் பார்த்து அலுத்துவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று அவளே அவருக்காக வாதாடியிருக்கிறாள். அலுக்கவில்லை, அய்யாவுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது.

அந்த வாரம் கூடத்தில் ஒரு பெரியவருக்கு அவள் கட்டின செட்டை முதலாளி கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லக்கா, கோரைப் பல்லு ரெண்டும் இவ்வளவு நீளமா நிக்குதே. இவரு யாரைக் கடிக்கப் போறாரு?"

"மெழுகு சரியில்லை" என்றாள்.

"மெழுகா? போன வாரமும் இதே மெழுகுதானே?"

அவள் செட்டை வாங்கிக் கோரைப் பல்லைப் பிடுங்கினாள்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகள் நரகமாகிவிட்டன. போகாமல் இருந்துவிடலாம் என்றால் மனசு கேட்கவில்லை. அந்தக் காற்றும் ஏரியும் அந்த உயரமும் அவளுக்கு வேண்டியிருந்தது. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது. அதனால் போனாள். போய், ஒரு கண்ணால் மேடையையும் ஒரு கண்ணால் புருஷனையும் பார்த்தாள். நகைச்சுவைக்காரன் ஒருவன் வந்த வாரம் அரங்கமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை. அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறவருக்கு இந்தப் பக்கம் எப்படித் தெரியும்?

அன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள். விளக்கெல்லாம் மேடையில் இருந்தது, இவர்கள் இருக்கிற இடம் அரை இருட்டு. சால்வைக்காரி பையைத் திறந்து ஏதோ சின்னதாக எடுத்தாள். எடுத்து, இரண்டு நாற்காலிக்கும் நடுவில் கையை இறக்கினாள். அவர் பார்க்காமலே வாங்கினார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மேடையைப் பார்த்தார். ஐயோ, இந்த ஊமையிடம் இவ்வளவு சாமர்த்தியமா!

பலகையில் வைத்திருந்த டீயை எடுக்கப் போய்க் கொட்டிக்கொண்டாள். "சுட்டுடுச்சா?" என்று அவர் பதறினார். "ஆறித்தான் போச்சு" என்றாள். அவள் எதைச் சொன்னாள் என்று அவருக்குப் புரியவில்லை.

அன்று இரவு அவர் பக்கத்தில் வந்து படுத்தபோது காட்டமாக ஒரு வாசனை வந்தது.

"என்ன வாசனை?"

"கடையில தின்னர் கொட்டிருச்சு."

தின்னர் வாசனை அவளுக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக அந்தச் சட்டையைத் துவைக்கிறவள் அவள். பொய். இந்த மனுஷன் முதல் தடவையாகப் பொய் சொல்லுகிறார். சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையில் என்ன கொடுத்திருப்பாள்? மோதிரமா, சாவியா? ஒன்று மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சால்வைக்காரி நடக்கிறாள். அவளோடு இவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எத்தனை படி வேண்டுமானாலும் ஏறலாம். இவளுக்கு இருப்பது அந்த ஒரு சரிவும் அந்த ஒரு சாயங்காலமும்தான். அதற்குள்ளேயும் வந்து உட்கார வேண்டுமா?

அழுது முடித்தபின் புத்தி வேலை செய்தது. அடுத்த சனிக்கிழமை தளத்துக்குப் போனதும், இடம் காட்டுகிற பச்சை அங்கிப் பெண்மணியைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, இந்த நாற்காலியை எடுத்து எனக்கு இந்தப் பக்கம் போட முடியுமா?"

"தாராளமா. எல்லாமே நகர்த்துற நாற்காலிதான்."

"ஏன்?" என்றார் புருஷன்.

"எனக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தா நல்லா தெரியும்."

"நட்டநடுவுலதானே இருக்கோம்?"

"எனக்குத் தெரியாதா எனக்கு எது நல்லா தெரியும்னு?"

அவர் "சரி" என்றார். நாற்காலி இடம் மாறியது. இப்போது ஓரத்தில் புருஷன், நடுவில் அவள், அவளுக்கு அந்தப் பக்கம் சால்வைக்காரி, அதற்கும் அந்தப் பக்கம் தூங்குகிற அண்ணன். பல்லக்கா பிரேக்கை இழுத்துப் போட்டுச் சுவர் மாதிரி உட்கார்ந்தாள். இனி எதைக் கொடுக்கிறாள், எப்படிக் கொடுக்கிறாள், பார்த்துவிடலாம். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பாட்டு காதில் விழுந்தது. தாளம்கூடப் போட்டாள்.

இடைவேளை விளக்கு எரிந்தது. அண்ணன் விழித்து, "பிரமாதம்" என்றார். சால்வைக்காரி பையைத் திறந்தாள். எடுத்தாள். ஒளிக்கவெல்லாம் இல்லை, நேராகப் பல்லக்காவின் கையில் கொடுத்தாள்.

"இதை அவர்கிட்ட கொடுத்துடுறீங்களா? போன தடவை குடுத்தது சின்னது, இந்நேரம் தீர்ந்திருக்கும்."

வலிக்குத் தடவுகிற களிம்பு. டியூப். மூடியைத் திறக்காமலே அந்தக் காட்டமான வாசனை வந்தது.

"எதுக்கு இது?"

"தோளுக்குத்தாங்க." சால்வைக்காரி இவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு குரலை இறக்கினாள். "உங்ககிட்ட சொல்லலையா?"

பல்லக்கா திரும்பினாள். புருஷன் காலியாக இருந்த மேடையை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க. என்னைப் பாருங்க. என்ன தோளுக்கு?"

"ஒண்ணுமில்லை. கொஞ்சம் பிடிச்சுக்கிட்டிருக்கு."

"எப்பலேர்ந்து?"

"ம்..."

"இந்த 'ம்' எல்லாம் என்கிட்ட வேணாம். எப்பலேர்ந்து?"

"போன வருஷத்துலேர்ந்து." அவர் கையைப் பிசைந்தார். "இங்க வலிக்காது. இந்தச் சரிவு ஒண்ணும் பண்ணாது. நம்ம வாசல்ல ரெண்டு படி இருக்கில்ல, அதுல இறக்கி ஏத்தும்போதுதான் பிடிச்சுக்குது. டாக்டர் பளு தூக்காதேன்னாரு. சொன்னா நீ வர மாட்டே."

"ஆமா, வர மாட்டேன்!"

"அதான் சொல்லலை. புறா பறந்தப்ப நீ கைதட்டினே. எத்தனை வருஷம் கழிச்சு. அதைப் போய் நான் கெடுக்கவா?"

சந்தேகம் தீர்ந்தது, நியாயமாகப் பார்த்தால் மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. முன்பைவிட இப்போதுதான் அதிகமாக எரிந்தது. மோதிரமாக இருந்திருந்தால் பிடுங்கி ஏரியில் எறிந்திருப்பாள், நாலு கேள்வி கேட்டிருப்பாள். இதை என்ன செய்வது? அவருடைய வலி அவளுடையது இல்லையா? அவளால் வந்த வலி, அவள் வீட்டு வாசற்படியில் வந்த வலி. அதை எடுத்துக்கொண்டுபோய் யாரோ ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறார்.

"அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்லத் தெரியலை" என்றாள். சால்வைக்காரி பக்கத்தில்தான் இருக்கிறாள், கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"அவங்களுக்கும் வலிக்குது. அதனால சொன்னேன்."

"எனக்கு வலிக்காதா? இங்க பாருங்க, எனக்குப் பொறாமையா இருக்கு. சிரிக்காதீங்க. நீங்க அவகிட்ட சிரிச்சுப் பேசினப்பகூட இவ்வளவு இல்லை. வலிச்சா என்கிட்டதான் சொல்லணும். வேற யாருக்கும் சொல்லக் கூடாது. சரியா?"

"சரி."

"இன்னொண்ணு. இந்தச் சரிவுல நானே ஏறிடுவேன். ஏறிப் பார்த்துட்டேன்."

அவர் திகைத்துப்போனார். "அப்ப ஏன் இத்தனை வாரமா என்னைத் தள்ளச் சொன்னே?"

"தள்ளச் சொல்லலை. தள்ளினீங்க, சும்மா இருந்தேன். நீங்க பின்னால வந்தா எனக்குப் பிடிச்சிருக்கு, அதான். இப்ப சட்டைப் பட்டனைக் கழட்டுங்க."

"இங்கேயா? எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். மொதல்ல பட்டனைக் கழட்டுங்க."

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவள் காலரை விலக்கினாள். இத்தனை வருஷமாக அந்தத் தோள் அவளுக்குப் பின்னால்தான் இருந்தது. வெளிச்சத்தில் அதை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. களிம்பைப் பிதுக்கி, மெழுகை அழுத்துகிற அதே கட்டைவிரலால் கழுத்துக்குப் பக்கத்தில் தேய்க்கத் தொடங்கினாள். கல்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன், "என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

சால்வைக்காரி எட்டிப் பார்த்தாள். "அங்க இல்லைங்க. இன்னும் கொஞ்சம் கீழ, எலும்பை ஒட்டி. தள்ளுறவங்களுக்கு எல்லாம் அங்கதான் பிடிக்கும்."

"எனக்குத் தெரியும்" என்றாள் பல்லக்கா.

தெரியாது. கட்டைவிரலை மெல்லக் கீழே இறக்கி எலும்பை ஒட்டித் தேடினாள். ஓரிடத்தில் முடிச்சு மாதிரி இறுகிக் கிடந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார்.